பழைய ஈட்டி எந்த ஊருடையது?

கேள்வி: பரம்பரையாக வீட்டில் இருக்கும் ஈட்டி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டறிவது? – வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: ஈட்டியின் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் அலகே காட்டிக்கொடுக்கும். மரக்கம்பு உளுத்துப்போகும், மாற்றப்படும். அதை மட்டும் நம்பி முடிவுசெய்வது தவறு. அலகின் வடிவம், நடுத்தண்டு, அது கம்புடன் சேரும் விதம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சில அலகுகளின் அடியில் கம்பைச் செருகும் குழல் இருக்கும். சிலவற்றில் அலகின் காம்பு கம்புக்குள் இறங்கி, மேலே பூண் போடப்பட்டிருக்கும்.

அடுத்தது அலங்காரம். யாளி, கிளி உருவங்கள் தென்னாட்டுக் கொல்லர் வேலையைச் சுட்டும். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிறு இருந்தால் அது மராட்டியரின் ‘விட்டா’வாக இருக்கலாம். சாயமேற்றிய ஆட்டுமயிர் போர்த்திய கம்பு வடகிழக்கு இந்தியாவின் நாகா மக்களுடையது. பிலிப்பைன்ஸின் வட லூசோன் மலைகளில் வாழும் இகோரோட் மக்களின் ஈட்டிகள் சிலவற்றில் அலகின் இருபுறமும் கொக்கிமுட்கள் வரிசையாக நிற்கும். கூர்தீட்டாத பித்தளை வேல் பெரும்பாலும் வழிபாட்டுக்குரியது, போர்க்கருவி அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் மிகச் சிறந்த இடம். ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளும் தஞ்சை அரண்மனை ஆயுதங்களும் அங்கே உள்ளன. மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்திலும் ஆயுதக்கூடம் உண்டு.

துருவை அமிலத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கவே கூடாது. கொல்லர் அடித்த தடமும் பொறிப்பும் அதோடு அழிந்துவிடும். நூறாண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.