முன்கணிப்புச் சந்தையும் மலிவு மடிக்கணினியும்

சங்கக் கணக்கு எழுதுவதற்கு மலிவான மடிக்கணினி ஒன்றை வாங்க எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விலையைக் கடைக்காரர் கூறிவிடுவார். ஆனால், அடுத்த ஆண்டும் அந்த மாதிரி விற்பனைக்கு வருமா, அல்லது கம்பெனியார் அதை நிறுத்திவிடுவார்களா என்று வினவினால் அவருக்கும் விடை தெரியாது. இத்தகைய வினாக்களுக்கு விடை காண மேனாடுகளில் முன்கணிப்புச் சந்தை என்றொரு முறை வழங்கி வருகிறது. அதன் இயல்பையும் எல்லையையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

சந்தை நடைபெறும் விதம்

“இம்மாதிரி ஆண்டு முடிவுக்குள் நிறுத்தப்படுமா?” என்பது வினா எனக் கொள்வோம். ‘ஆம்’ என்னும் சீட்டை வைத்திருப்பவருக்கு, அது நிறுத்தப்பட்டால் ஒரு ரூபாய் கிடைக்கும். இல்லையேல் ஒன்றும் கிடையாது. அச்சீட்டு 30 காசுக்குக் கைமாறுமாயின், நிறுத்தப்படுவதற்கு நூற்றுக்கு 30 பங்கு வாய்ப்பு உண்டென்று சந்தை மதிப்பிடுகிறது என்பது பொருள். பருத்தி வரத்து குறையும் என்ற செய்தி நூல் விலையில் தெரிவதுபோல, புதிய செய்தி சீட்டின் விலையில் தெரியும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 1988-இல் தேர்தல் முடிவைக் கணிக்க இத்தகைய சந்தையைத் தொடங்கினர். 1990-களின் பிற்பகுதியில் ஹியூலட்-பேக்கார்டு கம்பெனியார் தம் பணியாளர் சிலரைக் கொண்டே விற்பனை அளவைக் கணிக்கும் சந்தைகளை நடத்தினர். கம்பெனியின் மதிப்பீட்டோடு ஒப்பிட முடிந்த 8 கணிப்புகளில் 6-இல் சந்தையின் கணிப்பே உண்மைக்கு அருகில் நின்றது. பல பிரிவினரிடம் சிதறிக் கிடந்த சிறு செய்திகள் ஒன்று திரண்டமையே இதற்குக் காரணம்.

மூன்று எல்லைகள்

முதலாவது, வினாவின் தெளிவு. தைவான் நாட்டு ஆசுஸ் கம்பெனியார் 2007-இல் ‘ஈ பீசி’ என்னும் சிறு மலிவுக் கணினியை வெளியிட்டனர். முதல் மாதிரி விரைவில் மறைந்தது; அப்பெயரில் வேறு மாதிரிகள் தொடர்ந்து வந்தன. கைப்பலகைக் கணினிகள் பரவிய பின் 2013-இன் தொடக்கத்தில் அவ்வரிசையே முடிவுற்றது. எனவே ‘நிறுத்தம்’ என்பது மாதிரியின் முடிவா, பெயரின் முடிவா? இதை முன்கூட்டியே வரையறுக்காத சந்தையில் வழக்கே மிஞ்சும்.

இரண்டாவது, அறிந்தோர் யார் என்பது. தேர்தலில் வாக்களிப்போர் பலர். ஒரு கணினியை நிறுத்த முடிவு செய்வோரோ கம்பெனிக்குள் சிலரே. அவர்கள் சந்தைக்கு வாராவிடில் விலை வெறும் ஊகம். வந்துவிட்டாலோ, அறியாதோர் பணம் அறிந்தோர் கைக்குப் போகும்.

மூன்றாவது, கூட்டத்தின் அளவு. நால்வர் மட்டுமே வாங்கி விற்கும் சந்தையில் ஒருவரே விலையை ஏற்றவும் இறக்கவும் கூடும்.

நாம் கொள்ள வேண்டுவது

சந்தை விலையைச் செய்தியாகப் படிப்பதில் தவறில்லை. அதில் பணம் வைப்பது வேறு. உழைத்துச் சேர்த்த பணத்தை, நம்மைவிட அதிகம் அறிந்தவர் எதிரே அமர்ந்திருக்கும் ஆட்டத்தில் இடுவது அறிவுடைமை ஆகாது. மேலும், பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருப்பதையும் நினைவில் கொள்க.

வாங்குவோருக்கு வேண்டிய செய்தியோ பெரும்பாலும் சந்தையின்றியே கிடைக்கிறது. ஒரு மாதிரியின் விற்பனை நின்றாலும், பழுது பார்க்கும் வசதியும் மென்பொருள் ஆதரவும் தொடருமாயின் நமக்கு நட்டமில்லை. விற்பனை நடந்துகொண்டே இருந்தும் ஆதரவு அற்றுப்போனால் நட்டம் நமதே. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அந்நாள் ஆண்டுகள் பலவற்றுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அதை விசாரித்தவர் எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே வாங்குமுன், ஆதரவு எந்நாள் வரை, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவதே முதற்கடமை.

கலந்தாலோசிக்க வினாக்கள்

1. சீட்டின் விலை 30 காசாக இருந்தும் மாதிரி நிறுத்தப்பட்டால், சந்தை பொய்த்தது என்று கூறலாமா?

2. நம் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே அறிந்திருந்தும் கூட்டத்தில் பேசப்படாத செய்திகள் யாவை? பணம் வைக்காமலே அவற்றை ஒன்று திரட்டும் வழி என்ன?