வாடை எங்கிருந்து வருகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னை அடுக்குமாடி வீடுகளில் இரண்டு புகார்கள் சேர்ந்தே கிளம்பும். ஒன்று, துணி காயவில்லை. இன்னொன்று, வாஷிங் மெஷின் கதவைத் திறந்தாலே மக்கல் வாடை. இதற்குப் பெரும்பாலானோர் செய்கிற வைத்தியம், வாசனைக் கண்டிஷனரை இன்னொரு மூடி சேர்த்து ஊற்றுவது. அது வாடையைப் போக்காது, வளர்க்கும். மேல்வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷினை மெக்கானிக் பிரித்துப்போட்ட அன்று பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது.

நம் கண்ணுக்குத் தெரிகிற எவர்சில்வர் டிரம்முக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப் இருக்கிறது. துவைக்கிற தண்ணீர் நிற்பது அதற்குள்தான். அந்த மெஷினின் டிரம் உட்புறம் பளபளவென்று இருந்தது. கழற்றித் திருப்பினால் முதுகுப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழவழப்பு, விரலால் வழித்தெடுக்கிற கனத்துக்கு. டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டத்தின் இடுக்குகளில் இன்னும் தடிமனாக அப்பிக் கிடந்தது.

“வெறும் அழுக்கு இல்லம்மா இது. கரையாத பவுடர், இந்த வாசனைத் தண்ணி, துணியில வர்ற எண்ணெய் எல்லாம் சேந்தது. எப்பவும் பச்சத் தண்ணியிலயே தொவச்சா இப்படித்தான் ஒட்டும்” என்றார் மெக்கானிக்.

அந்த வழவழப்புதான் கிருமிகளுக்குச் சோறு. கண்டிஷனர் துணியை மிருதுவாக்குவதே அதிலுள்ள கொழுப்புச் சார்ந்த பொருள் இழைமேல் படிவதால்தான். துணியில் படிவது டப்பிலும் படியும். அதோடு நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல் துண்டு, தலையணை உறை, சமையல்கட்டுக் கைப்பிடித் துணி எல்லாமே மெஷினுக்குத்தான் போகின்றன. குளிர்ந்த நீரில் எண்ணெய் சரியாகக் கரையாது. ஈரமும் இருட்டும் சேர்ந்துவிட்டால் கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்?

சுத்தம் செய்யத் தொடங்குமுன் என்ன வாடை என்று முகர்ந்து பார்ப்பேன். மக்கல் வாடை என்றால் சேர்ந்திருக்கும் படிவும் பூஞ்சையும். சாக்கடை வாடை என்றால் பெரும்பாலும் குற்றம் மெஷினுடையது அல்ல. தண்ணீர் வெளியேறும் குழாயைத் தரையிலுள்ள வடிகாலுக்குள் ஆழமாகச் செருகியிருப்பார்கள். அல்லது அந்த வடிகாலின் கிண்ணத்தில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். கழிவுக் காற்று நேரே மேலேறிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால், மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயிலிருந்தே ஒரு பக்கெட் பிடித்து முகர வேண்டும். சில போர்வெல் தண்ணீரிலேயே அந்த வாடை உண்டு. ரப்பர் கருகும் வாடை வந்தால் துடைப்பதில் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

மக்கல் வாடைக்கு நான் முதலில் போகும் இடம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அதன் மடிப்பை விரித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். முடி, நூல், சில நேரம் ஒரு குழந்தையின் சாக்ஸ்கூட அங்கே மறைந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய துணியை விரலில் சுற்றி, மடிப்பின் உள்விளிம்பு வரை துடைத்தெடுத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றிவிடுவேன். கறுப்புப் புள்ளிகள் ரப்பருக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் நிறம் முழுதாகப் போகாது. வாடை நின்றால் போதும் என்று விட்டுவிடலாம்.

அடுத்து பவுடர் டிராயர். நடுவிலுள்ள நாக்கை அழுத்தி இழுத்தால் முழுதாகக் கையோடு வந்துவிடும். டிராயரைக் கழுவுகிறவர்கள்கூட அது இருந்த பொந்தின் மேற்கூரையைப் பார்ப்பதில்லை. தண்ணீர் பீய்ச்சும் துளைகள் இருக்கும் அந்தக் கூரையில்தான் பூஞ்சை கறுப்பாகத் தொங்கும். பழைய டூத் பிரஷ் இதற்கென்றே செய்ததுபோல் உதவும்.

டிரெயின் ஃபில்டரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், நானே செய்வேன். முன்புறம் கீழ்மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தட்டையான தட்டு ஒன்றை வைத்துவிட்டு மெல்லத் திருக வேண்டும். வெந்நீரில் துவைத்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். நாணயம், ஊக்கு, புடவையிலிருந்து உதிர்ந்த சமிக்கி, முடி எல்லாம் கூழாகிக் கிடக்கும். பல வீடுகளில் வாடையின் பாதி இங்கேதான். மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு முறை திறந்தால் போதும்.

டாப் லோடு வைத்திருப்பவர்கள் நூல் சேரும் வலைப்பையையும், அடியில் சுழலும் தட்டின் கீழ்ப்புறத்தையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் தட்டு வந்துவிடும்.

கை எட்டாத டப்புக்கு வெந்நீர்தான். துணி போடாமல் 60 டிகிரியில், அல்லது டப் கிளீன் என்று இருந்தால் அதில், ஒரு சுற்று ஓட்ட வேண்டும். நான் சோடியம் பெர்கார்பனேட் சுமார் 100 கிராம் டிரம்முக்குள் போடுவேன். வெந்நீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டுப் படிவைக் கரைக்கும். பச்சைத் தண்ணீரில் அதன் வேகம் மிகக் குறைவு. போர்வெல் தண்ணீர் வீடுகளில் ஹீட்டரில் சுண்ணாம்பு கட்டும். அதற்கு வேறொரு நாள் சிட்ரிக் ஆசிட். ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்வார்கள். நுரைதான் மிச்சம், ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குளோரின் பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் ஆசிடோ எந்த ஆசிடோ ஒருபோதும் சேரக்கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். மூடிய பால்கனியில் அது உயிருக்கே ஆபத்து.

பவுடர் அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகமானால் படியும், குறைந்தால் துணியின் எண்ணெய்ப்பசை போகாமல் அதுவே வாடையாகும். கடின நீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டும். அலசும் கடைசித் தண்ணீரில் நுரை நிற்கிறதா என்று கதவுக் கண்ணாடி வழியே பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது என் வழக்கம்.

துவைத்த துணியை உடனே எடுத்துவிட்டு, கதவையும் டிராயரையும் கொஞ்சம் திறந்தே வைப்பேன். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் தேவை. டிரம்முக்குள் ஏறிவிடுவார்கள். விரலளவு இடைவெளிக்கு மேல் திறக்காதபடி கதவைப் பட்டையால் கட்டி வைக்க வேண்டும்; முடியாவிட்டால் உள்ளே நன்றாகத் துடைத்து மூடிவிடுவதே மேல்.

மெஷின் சுத்தமான பிறகும் துண்டில் மட்டும் வாடை நிற்பதுண்டு. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, முகம் துடைத்ததும் கிளம்பும். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வாடைக்குக் காரணமான கிருமியை அடையாளம் கண்டார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று பெயர். உலர்ந்தாலும், புற ஊதாக் கதிர் பட்டாலும் அது எளிதில் சாவதில்லை. அதனால்தான் மொட்டைமாடி வெயிலில் மொறமொறவென்று காய்ந்த துண்டும் நனைந்தவுடன் நாறுகிறது. அத்தகைய துண்டுகளை, சாயம் போகாத பருத்தியாக இருந்தால், பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, 60 டிகிரியில் தனியாகத் துவைப்பேன். கண்டிஷனர் போடுவதில்லை. அது துண்டின் நீரை உறிஞ்சும் தன்மையையும் கெடுத்துவிடும்.