வேகமும் விருப்பமும்

நுழையும்முன்

மனிதனின் கால்களுக்கு விரைவைத் தந்த அறிவியல், இன்று அவ்விரைவை அளந்து தடுக்கவும் கற்றுள்ளது. ஊர்தியின் வேகத்தை ஊர்தியே வரையறுக்கும் தொழில்நுட்பம் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்துள்ளது. இஃது உயிர்காக்கும் என்கின்றனர் ஒரு சாரார். ஓட்டுநரின் உரிமையைப் பறிக்கும் என்கின்றனர் மறுசாரார். இவ்வழக்கின் வரலாற்றையும் உட்பொருளையும் இப்பாடம் ஆராய்கிறது.

செங்கொடியும் மிதிவண்டியும்

தாமே இயங்கும் ஊர்திகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கும், ஊர்ப்புறச் சாலைகளில் 4 மைலுக்கும் மேற்பட்டுச் செல்லலாகாது என இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஊர்திக்கு முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும் என்றும் அது பணித்தது. 1896ஆம் ஆண்டு சனவரியில், கென்ட் பகுதியின் பேடக் வுட் என்னும் ஊர் வழியாக வால்டர் அர்னால்டு என்பவர் 8 மைல் வேகத்தில் மகிழுந்தை ஓட்டிச் சென்றார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். மிதிவண்டிக்கு எட்டிய வேகமே அன்று தண்டத்திற்குரிய குற்றமாயிற்று! அவ்வாண்டின் இறுதியிலேயே வரம்பு 14 மைலாக உயர்த்தப்பட்டது.

சட்டம் சாலையோரத்தில் நிற்பது ஒன்று. ஊர்திக்குள்ளேயே ஏறி அமர்வது வேறு. இரண்டாவதற்கான முயற்சி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923ஆம் ஆண்டு நிகழ்ந்தது. சாலைகளில் குழந்தைகள் மாண்டுவந்தமை கண்டு கொதித்த மக்கள், எல்லா மகிழுந்துகளும் மணிக்கு 25 மைலைத் தாண்டாதவாறு கருவி பொருத்தவேண்டும் என்று கோரினர். அம்மனுவில் கையொப்பமிட்டோர் 42,000 பேருக்கும் மேல். மகிழுந்து விற்பனையாளர்கள் ஒன்றுதிரண்டு எதிர்ப்பரப்புரை செய்தனர். நவம்பர் மாத வாக்கெடுப்பில் கோரிக்கை பெரிதும் தோற்றது. தெரு யாருக்குரியது என்னும் வினா அன்று வாகனத்தின் பக்கமே சாய்ந்தது எனலாம்.

தேர்வது யார்?

வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் கருவியை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஐந்தாம் அகவையிலேயே பார்வையை இழந்த அவர், ஊர்தியை ஓட்டியவர் அல்லர். பிறர் ஓட்ட உடன் அமர்ந்து, அதன் குலுக்கலை உடலால் உணர்ந்தவர். 1950இல் காப்புரிமை பெற்ற அக்கருவி 1958இல் கிறைஸ்லர் நிறுவன மகிழுந்துகளில் இடம்பெற்றது. அதில் வேகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓட்டுநரே; அதனைக் காப்பது மட்டுமே கருவியின் பணி.

இன்றைய நுண்ணறிவு வேக உதவி அமைப்பு இவ்வுறவை மாற்றுகிறது. முகப்புக் கண்ணாடியருகே அமைந்த படக்கருவி, சாலையோர வேகவரம்புப் பலகைகளைப் படிக்கிறது. செயற்கைக்கோள் வழியாக ஊர்தி நிற்கும் இடத்தை அறிந்து, மின்னணு வரைபடத்தில் பதிந்துள்ள வரம்போடும் ஒப்பிடுகிறது. வரம்பு மீறப்படின் ஒலியெழுப்பும். அல்லது மிதியை அதிரச்செய்யும். அல்லது முடுக்கி மிதியைக் காலுக்கு எதிராக மெல்லத் தள்ளும். அல்லது இயந்திர விசையைக் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 சூலை முதல் புதிய வடிவ மகிழுந்துகளுக்கும், 2024 சூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய மகிழுந்துகள் அனைத்திற்கும் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டது.

கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டதும் சினம் கொள்வோர் ஒன்றைக் கருதவேண்டும். மிதியை அழுத்தமாக மிதித்தால் ஊர்தி ஓட்டுநருக்கே பணியும். இருவழிச் சாலையில் சரக்குந்தை முந்தும்போது நொடிப்பொழுது விரைவு தேவைப்படலாம் அன்றோ? அமைப்பை நிறுத்தி வைக்கவும் இயலும்; ஆயினும் ஊர்தியை மறுமுறை இயக்கும்போது அது தானே விழித்துக்கொள்ளும். ஆகவே வேகமாகச் செல்லும் ஆற்றல் பறிக்கப்படவில்லை. அறியாமல் சென்றுவிட்டேன் என்று சொல்லும் வாய்ப்பே பறிக்கப்படுகிறது.

இதனைச் சிறு இழப்பு எனக் கருதுவதற்கு இயற்பியல் காரணம் தருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் முன்பே, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கை மிதித்தபின் நிற்கத் தேவையான தொலைவும் அவ்வாறே நீளும். 40இல் நின்றிருக்கக்கூடிய ஊர்தி 80இல் நிற்காது. இந்த வேறுபாட்டின் விலையைப் பல வேளைகளில் கொடுப்பவர் ஓட்டுநர் அல்லர். சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒருவர். அவருக்கும் விருப்பம் உண்டு. அச்சமின்றித் தெருவைக் கடக்கும் உரிமையும் உண்டு. ஓட்டுநரின் உரிமையைப் பற்றிய விவாதங்களில் அவர் பெயர் அரிதாகவே எழுகிறது.

மெய்யான தடைகள்

எனினும் எதிர்ப்போர் கூறுவன அனைத்தும் வெறும் முணுமுணுப்பு அல்ல. மரக்கிளை மறைத்த பலகையைப் படக்கருவி காணாது. நெடுஞ்சாலையில் செல்லும்போது பக்கச்சாலைப் பலகையைப் படித்துவிட்டு, காரணமின்றி எச்சரிக்கவும் கூடும். பொய்யெச்சரிக்கை மிகுந்தால் மனிதன் மெய்யெச்சரிக்கையையும் பொருட்படுத்தான். அதைவிட ஆழமானது மற்றொன்று: கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஓட்டுநரின் கண்களைச் சோம்பச் செய்யலாம். நூறு என்று பலகை கூறினும், மழை பெய்யும் இரவில் அறுபதே தகுந்தது என முடிவு செய்ய, பலகையைப் படிக்கும் கருவியால் இயலாது. மேலும், இன்று நிறுத்தி வைக்க இடம் தரும் சட்டம் நாளை அதனை மறுக்காது என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. இவ்வினாவை மக்கள்மன்றங்கள் விழிப்போடு கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் 2019 சூலை முதல் தயாரிக்கப்படும் மகிழுந்துகள், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலியெழுப்ப வேண்டும் என்பது விதி. அவ்வொலி சாலையின் வரம்பை அறியாது. பள்ளி வாயிலும் நான்குவழிச் சாலையும் அதற்கு ஒன்றே.

கற்பவை கற்றபின்

1. ஊர்தியின் வேகத்தைக் கருவி கட்டுப்படுத்தலாமா? ஓட்டுநர், பாதசாரி, அவசர ஊர்தி ஓட்டுநர் ஆகியோர் உரையாடுவதுபோல் எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.

2. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் வேகவரம்புப் பலகைகள் உள்ளனவா, தெளிவாகத் தெரிகின்றனவா எனக் கண்டறிந்து, உரிய அலுவலருக்குக் கடிதம் வரைக.