காலடியில் ஈரமா? பழைய லேண்ட்ரோவரின் ஹீட்டர் ஒழுக்கைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி?



லேண்ட்ரோவர் என்றால் நம் மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டு நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில்தான் இந்த வாகனத்தை முதன்முதலாக வெளி உலகத்துக்குக் காட்டினார்கள். 'சீரிஸ் 3' என்ற மாடல் 1971 முதல் 1985 வரை வந்தது. அதன்பின் வந்த டிஃபென்டரின் பழைய உருவம் 2016 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் மலை ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

1990 சுவ செரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் ஆரம்பமானது நமக்கெல்லாம் பெரிய உதவி. இருந்தாலும் மழை பெய்து ரோடு கெட்டுப்போன டிவிசனில், ராத்திரி வேளையில் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சியை மேல் லயத்திலிருந்து இறக்கிக்கொண்டு வர, கிடைக்கிற வண்டியைத்தான் கூப்பிடுகிறோம். அந்த வண்டி பாதி மலையில் ஆவி கக்கிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி நிற்கும் வண்டி பல நாளைக்கு முன்பே ஓர் அடையாளம் காட்டியிருக்கும். முன் சீட்டில் காலடி ஈரமாக இருக்கும். "மழைத் தண்ணிதானே" என்று விட்டுவிடுவோம். ஹீட்டர் ஒழுக்கை அறிந்துகொள்வது பற்றித்தான் இந்தப் பாடம். கராஜ் வேலை பழகும் தம்பிமாருக்கும், சாரதிகளுக்கும், வண்டியில் ஏறிப் போகும் நம் எல்லோருக்கும் இது உதவும்.

1. ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சின் ஓடும்போது சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணி எடுத்துக்கொண்டு போய் முன்னால் உள்ள ரேடியேட்டரில் ஆற்றிக்கொள்கிறது. எஞ்சினிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் பிரிந்து ஹீட்டருக்குப் போகிறது. ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதைக் 'கோர்' என்பார்கள். சுடுதண்ணி கோருக்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. ஒரு சின்ன விசிறி கோர் மேல் காற்றை ஊதும். அந்தக் காற்று சூடாகி, நம் காலடிக்கும் முன் கண்ணாடிக்கும் வருகிறது.

சில மாடல்களில் ஹீட்டர் பெட்டி பொனட்டுக்கு அடியில், எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள இரும்புத் தகட்டுச் சுவரை ஒட்டி இருக்கும். சில பழைய மாடல்களில் உள்ளே, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும்.

ஹீட்டரில் ஓடுவதும் எஞ்சினில் ஓடுவதும் ஒரே தண்ணிதான். ஹீட்டரில் ஒழுகினால் எஞ்சின் தண்ணி குறைகிறது என்று அர்த்தம். "நாங்கதான் ஹீட்டரே போடுறதில்லையே, ஒழுகினா என்ன?" என்று கேட்பது சரியல்ல.

2. மலையில் ஏன் ஆபத்து கூட?

கடற்கரையில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போக அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். எஞ்சின் வழக்கமாகவே 80, 90 பாகைச் சூட்டில் ஓடுகிறது. ஏற்றத்தில் ஆள் ஏற்றி, முதல் கியரில் இழுத்தால் இன்னும் கூடும்.

அதனால்தான் ரேடியேட்டர் மூடியை அமுக்கம் பிடித்து வைக்கும்படி செய்திருக்கிறார்கள். பிரஷர் குக்கர் மாதிரி. உள்ளே அமுக்கம் இருந்தால் தண்ணி சீக்கிரம் கொதிக்காது. எங்கேயாவது ஓர் ஓட்டை இருந்தால் அமுக்கம் நிற்காது. தண்ணியும் குறையும், சீக்கிரமாகவும் கொதிக்கும். பின்பு ஹெட் கேஸ்கட் எரியும், ஹெட் வளையும். ஒரு கிளிப்போடு முடிய வேண்டிய வேலை எஞ்சின் இறக்கும் வேலையாகிவிடும்.

3. மழைத் தண்ணியா, எஞ்சின் தண்ணியா?

பழைய லேண்ட்ரோவருக்குள் மழைத் தண்ணியும் வரும். முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள ரப்பர், காற்றுக் கதவுகளின் ரப்பர், கறள் பிடித்த காலடித் தகடு, எல்லா வழியாலும் வரும். ஆகவே முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மழைத் தண்ணி என்றால் மழை பெய்த பிறகு, அல்லது வண்டி கழுவிய பிறகு மட்டும் வரும். நிறம் இல்லை, வாடை இல்லை, விரலில் வழுக்காது.

எஞ்சின் தண்ணி என்றால் வெயில் காலத்திலும் வரும். வண்டி ஓடிச் சூடான பிறகு கூடும். கூலன்ட் கலந்திருந்தால் பச்சை, நீலம், சிவப்பு என ஏதாவது நிறம் இருக்கும். இனிப்பான வாடை அடிக்கும். தொட்டால் கொழகொழப்பாக இருக்கும். ஒருபோதும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இன்னோர் அடையாளம் முன் கண்ணாடி. ஹீட்டரைப் போட்டவுடன் கண்ணாடியின் உட்பக்கம் புகார் பிடித்து, துடைத்தாலும் எண்ணெய் பூசியது போல் படலம் நின்றால், கோர் ஒழுகுகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

இதைச் சாரதியைவிடப் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். "அண்ணே, காலடியில ஈரமா இருக்கு, ஒரு மாதிரி இனிப்பு வாடையும் அடிக்குது" என்று சொல்லுங்கள். சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

4. ஒழுகும் இடத்தைத் தேடும் முறை

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் பார்ப்பதே நல்லது.

அ) ஈரமான இடங்களை எல்லாம் துணியால் துடைத்துக் காய விடுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணி கீழ்நோக்கித்தான் ஓடும். ஆகவே சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறாமல், ஈரம் தெரிகிற ஆக உயரமான இடத்தைத் தேடுங்கள்.

ஆ) இரண்டு ஹோஸ்களையும் நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், பஞ்சு மாதிரி மெதுமை இருந்தால் ஹோஸ் முடிந்துவிட்டது. கிளிப் அடியில் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு இருந்தால், அங்கே பல நாளாக ஒழுகிக் காய்ந்திருக்கிறது.

இ) சுடுதண்ணியைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வைப் பாருங்கள். அதன் தண்டு சுற்றிலும் கசிவது பழைய வண்டிகளில் சகஜம்.

ஈ) இவை எல்லாம் காய்ந்திருந்து, ஹீட்டர் பெட்டியின் அடியிலிருந்து மட்டும் சொட்டினால் கோர்தான் ஓட்டை. கராஜில் அமுக்கம் பார்க்கும் பம்ப் இருந்தால் உறுதிப்படுத்தலாம். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் இறாத்தல் கணக்குக்கு மேல் அமுக்கம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் நல்ல இடமும் வெடிக்கும்.

உ) எங்கேயும் ஈரமில்லை, ஆனால் தண்ணி குறைகிறது, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது, சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் அது ஹீட்டர் வருத்தம் அல்ல. ஹெட் கேஸ்கட் பக்கம் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டாமல் நல்ல பாஸிடம் காட்டுங்கள்.

5. வழியில் செய்யும் தற்காலிக வேலை

கோர் ஓட்டை என்று தெரிந்தால் ஹீட்டரை வெட்டிவிட்டு வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவரலாம். எஞ்சின் ஆறட்டும். ஒரு பேசினைக் கீழே வைத்து, கோரிலிருந்து இரண்டு ஹோஸ்களையும் கழற்றுங்கள். ஹோஸுக்குள் இறுக்கமாகப் போகும் அளவில் நான்கு அங்குலச் செம்புக் குழாய் ஒன்றை எடுத்து, இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து, இரு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். விசிறியிலும் புகைக்குழாயிலும் ஹோஸ் படாமல் கட்டிவிடுங்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். ஹோஸ்களை அடைப்பதைவிட இணைப்பது நல்லது. சில எஞ்சின்களில் ஹீட்டர் வழியாகத் தண்ணி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு சூடான காற்று வராது. புகார் நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே இது சில நாளைக்கு மட்டும்.

சிலர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போடுவார்கள். ஒழுக்கு கொஞ்சம் நிற்கும்தான். ஆனால் கோரிலும் ரேடியேட்டரிலும் உள்ள மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும். பிறகு தண்ணி இருந்தும் எஞ்சின் கொதிக்கும்.

6. சரியான திருத்தம்

ஹோஸ் நுனி மட்டும் வெடித்திருந்து, நீளமும் போதுமாக இருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போடலாம். நடுவில் பழுதென்றால் மாற்ற வேண்டும். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கோரைக் கழற்றுமுன் பெட்டரி வயரைக் கழற்றுங்கள். ஹோஸைப் பலமாக இழுத்தால் கோரின் மெல்லிய குழாய் முறிந்துவிடும். வரவில்லை என்றால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுங்கள். வெளியே எடுத்த கோரின் ஒரு வாயை அடைத்து, மற்ற வாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, தண்ணி வாளிக்குள் அமிழ்த்துங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வரும் இடத்தில் அடையாளம் போடுங்கள்.

செம்பு, பித்தளைக் கோர் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றிவிடலாம். அலுமினியக் கோர் என்றால் புதிதாக மாற்றுவதே நல்லது. திரும்பப் பூட்டுமுன் ஈரம் ஊறிய காலடித் தகட்டைச் சுரண்டி, கறள் தடுக்கும் பெயின்ட் அடியுங்கள். லேண்ட்ரோவரின் பொடி அலுமினியம் என்றாலும் அந்தத் தகட்டுச் சுவர் இரும்பு.

தண்ணி நிரப்பும்போது ஹீட்டர் வால்வை முழுவதும் திறந்து வையுங்கள். முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிறுத்தி மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறும். கூலன்ட் பாதி, சுத்தமான தண்ணி பாதி என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் பனி உறைவது சில மாதங்களில் மட்டும்தான் என்றாலும், கூலன்டில் கறள் தடுக்கும் மருந்து இருக்கிறது. எஞ்சின் சூடானபின் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களும் சுட வேண்டும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் காற்று நிற்கிறது, அல்லது அடைப்பு இருக்கிறது. பிறகு ஒரு வாரம், தினமும் காலையில் தண்ணி மட்டம் பாருங்கள்.

7. வீட்டார் கட்டாயம் அறிய வேண்டியது

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் பொறுத்து, மேல் ஹோஸ் ஆறியதைப் பார்த்து, தடித்த துணி போட்டு மெதுவாகத் திருப்புங்கள். கொதித்த எஞ்சினில் உடனே பீலித் தண்ணியை ஊற்றினால் எஞ்சின் வெடிக்கலாம். ஆறவிடுங்கள்.

சுடுதண்ணி பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூலன்டில் பெரும்பாலும் எதிலீன் கிளைகோல் என்ற நஞ்சு இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் நாய்களும் குடித்துவிடும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் எடுக்கும். குடித்தவர் முதலில் வெறி போட்டவர் போலத் தள்ளாடுவார், அல்லது சுகமாகவே இருப்பது போலத் தெரியும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காமல், கூலன்ட் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு. மிச்சக் கூலன்டை சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பீலிப் பக்கமோ கானிலோ கொட்டவும் கூடாது.

குடும்பமாகப் பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. காலடி ஈரம் மழைத் தண்ணியா, எஞ்சின் தண்ணியா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?
2. ஹீட்டர் போடாத வண்டியிலும் ஹீட்டர் ஒழுக்கு ஏன் ஆபத்து?
3. நுவரெலியாவில் தண்ணி எத்தனை பாகையில் கொதிக்கும்?
4. ஹோஸ்களை இணைக்க பி.வி.சி. குழாய் ஏன் கூடாது?
5. பிள்ளை கூலன்ட் குடித்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?

அடுத்த முறை தோட்டத்து வண்டியில் முன் சீட்டில் ஏறினால், காலடிப் பாயை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். ஈரம் கண்டால் அன்றைக்கே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்.