வயதான நாய்க்கு நடை தளர்ந்தால்

லாப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்கு 7, 8 வயதிலேயே மூட்டுத் தேய்மானம் தலைகாட்டலாம். எழும்போது பின்னங்கால் நடுங்கும். மாடிப்படி ஏறாமல் கீழேயே நின்றுவிடும். சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது வலிதான்.

முதலில் தரையைக் கவனியுங்கள். டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாமே நாய்க்கு வழுக்கும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் மேட்டோ பழைய யோகா மேட்டோ விரித்துவிடுங்கள். சாக்கு வேண்டாம், காலோடு சேர்ந்து நகரும். நகத்தையும் பாதத்தின் அடியில் வளரும் முடியையும் வெட்டிவிட்டால் பிடிமானம் கூடும்.

எழ முடியாமல் தவித்தால் முன்னங்காலைப் பிடித்து இழுக்கவே கூடாது. நீளமான துண்டைப் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே கொடுங்கள். இரு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். ஆண் நாயென்றால் சிறுநீர் வரும் இடத்தைத் துண்டு அழுத்தக் கூடாது.

நீண்ட நடைக்குப் பதில், வெயில் இல்லாத வேளைகளில் சின்னச் சின்ன நடை போதும். உடல் எடை குறைந்தால் மூட்டுக்குப் பெரிய நிம்மதி. படுத்தே கிடக்கும் நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். முழங்கையோ இடுப்பெலும்புப் பகுதியோ சிவந்திருந்தால் அது புண்ணின் தொடக்கம்.

நாம் சாப்பிடும் பாரசிட்டமால், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் போகுமுன் வீட்டில் நாய் நடப்பதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பதற்றத்தில் நொண்டலை மறைத்துவிடும்.