வலி மாத்திரையும் வீட்டுக் கணக்கும்



வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டால், ராத்திரித் தூக்கம் எல்லோருக்குமே போய்விடுகிறது. அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் விழித்துக் கிடக்கிறீர்கள். ‘இந்த நோய்னா வலி இருக்கத்தானே செய்யும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கடும் வலிக்கு மார்ஃபின் என்ற மருந்து உண்டு.

நீங்கள் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து பிரித்தெடுப்பது மார்ஃபின். (கசகசாவைத் தின்றால் வலி போகுமா என்று கேட்காதீர்கள், போகாது.) மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள்.

‘ஐயோ, அபினா? அத்தைக்கு அது பழகிப் போயிடுமே, டாக்டர்!’ என்று மருமகள் பதறுவாள். நியாயமான பயம்தான். ஆனால் புற்றுநோய் வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது உண்மை. ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

இந்தப் பயம் ஆஸ்பத்திரிகளுக்கும் இருந்தது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபின், பல லைசென்ஸுகள் வாங்க வேண்டியிருந்ததால் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாயின. இருந்தாலும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடைக்காது. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை எங்கே தருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கேட்கலாம்.

இனிச் செலவு. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்தது. நாளைக்கு ஆறு வேளை சாதாரண அளவில் கொடுத்தாலும் அரை நாள் கூலிகூட ஆகாது. அரசு ஆஸ்பத்திரியில் தந்தால் அதுவும் இல்லை. இதே இனத்தைச் சேர்ந்த ஃபென்டனில் பட்டை, தோலில் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் விலை பல மடங்கு. மாத்திரை விழுங்க முடியாதவருக்கு அது உதவும். விழுங்க முடிகிறவருக்கு, ‘விலை கூடினது நல்லா கேக்கும்’ என்று நினைத்து நகையை அடகு வைக்காதீர்கள். வீட்டுப் பணத்தைக் கரைப்பது மாத்திரை அல்ல. வேலையை விட்டுவிட்டு ஆளுக்கொரு ஊசி சொன்ன இடமெல்லாம் அலைவதுதான். நோயாளியை ஒவ்வொரு தடவையும் கூட்டி வர வேண்டுமா, சீட்டோடு ஒருவர் வந்தால் போதுமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பகலில் மனைவி, ராத்திரியில் கணவன் என்று பிரித்துக்கொண்டால் ஒருவரே சோர்ந்து போக மாட்டார். கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘நீங்க குடுத்தீங்களா, நான் குடுத்தேனா’ என்று இரண்டு தடவை கொடுத்துவிடுவீர்கள்.

முதல் சில நாள் குமட்டலும் மயக்கமான தூக்கமும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. அதற்கு டாக்டர் தரும் மலமிளக்கியையும் தினமும் கொடுங்கள். இதை மறந்து, வயிறு கட்டிப்போய், நல்ல மருந்தையே வேண்டாம் என்று தள்ளியவர்கள் பலர். மாத்திரை சாப்பிடுகிறவர் சாராயம் தொடக் கூடாது. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகிவிட்டால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பெரியவருக்கு ஒரு வேளை மருந்து, குழந்தைக்கு உயிரையே வாங்கும். பக்கத்து வீட்டு இடுப்பு வலிக்கும் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று கொடுக்காதீர்கள். நோயாளி காலமாகிவிட்டால், காரியங்கள் முடிந்ததும் மிச்ச மாத்திரைகளை எண்ணி, வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே ஒப்படையுங்கள்.