எழுத்து வடிவில் இரும விவரங்கள்: குறியேற்றமும் குறியிறக்கமும்

குடிமக்கள் இணையவழியே அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் பெயர், முகவரி ஆகியவற்றுடன் புகைப்படமும் கையொப்பமும் இடம்பெறுகின்றன. பெயரும் முகவரியும் எழுத்துக்களால் ஆனவை. புகைப்படமோ கணிப்பொறியைப் பொறுத்தவரை எண்களின் தொகுதியே. எழுத்துக்களை மட்டுமே ஏற்கும் வழியில் இத்தொகுதியைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பதற்கான முறையே இரும விவரக் குறியேற்றம். மின் ஆளுகையில் பங்கு கொள்வோர் அனைவரும் இதன் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

தேவை எழுந்த விதம்

1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை, 7 பிட்டுகளைக் கொண்டு 128 குறிகளை மட்டுமே சுட்டியது. ஆனால் கணிப்பொறிகளில் நிலைபெற்ற பைட்டு என்னும் அலகு 8 பிட்டுகள் கொண்டது. 0 முதல் 255 வரை 256 மதிப்புகளை ஏற்கவல்லது. 1982இல் வெளியான மின்னஞ்சல் விதிமுறை 7 பிட்டு எழுத்துக்களையே அடிப்படையாகக் கொண்டதால், எட்டாவது பிட்டு வழியில் இழக்கப்படும் வாய்ப்பு இருந்தது.

இதன் விளைவைத் தமிழின் முதலெழுத்தைக் கொண்டே காணலாம். யுனிகோடு முறையில் 'அ' என்பதன் எண் 2949. யுடிஎப்-8 வடிவில் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகிறது. எட்டாவது பிட்டை நீக்கினால் இவை 96, 46, 5 என மாறும். அப்போது 'அ' மறைந்து, ஓர் ஒலிக்குறி, ஒரு முற்றுப்புள்ளி, அச்சில் தோன்றாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி ஆகியவையே எஞ்சும்.

செயல்படும் முறை

ஆஸ்கியில் இடைவெளி உட்பட அச்சிடத்தக்க குறிகள் 95. இவ்வெல்லைக்குள் அடங்கும் இரண்டின் மிகப் பெரிய அடுக்கு 64. எனவே ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் 26, சிறிய எழுத்துக்கள் 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு ஆகிய 64 குறிகளைக் கொண்டு பேஸ்-64 முறை அமைந்தது. ஒவ்வொரு குறியும் 6 பிட்டுகளைச் சுமக்கும். மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகள் நான்கு குறிகளாகப் பிரிகின்றன.

மேற்கண்ட மூன்று பைட்டுகளை இரும எண்களில் தொடர்ந்து எழுதினால் 111000001010111010000101 எனக் கிடைக்கும். இதை ஆறாறாகப் பிரித்தால் 56, 10, 58, 5 ஆகிய எண்கள் வரும். அட்டவணைப்படி இவற்றிற்குரிய குறிகள் முறையே 4 என்ற இலக்கம், 'கே' என்ற பெரிய எழுத்து, 6 என்ற இலக்கம், 'எஃப்' என்ற பெரிய எழுத்து ஆகியன. பெறுபவர் இதே வழியில் பின்னோக்கிச் சென்றால் 'அ' மாற்றமின்றிக் கிடைக்கும். இறுதியில் ஒரு பைட்டு மட்டும் எஞ்சினால் இரண்டு சமக் குறிகளும், இரண்டு எஞ்சினால் ஒரு சமக் குறியும் சேர்த்து நான்கின் தொகுதி நிறைவு செய்யப்படுகிறது.

வளர்ச்சியும் செலவும்

1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் உருவாக்கிய யூயூ-என்கோடு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1992இல் போரன்ஸ்டைன், ஃபிரீட் ஆகியோர் வகுத்த மைம் விதிமுறை பேஸ்-64 முறையை மின்னஞ்சல் இணைப்புகளுக்குப் பொதுவாக்கியது. 2006இல் வெளியான விதிமுறை, இணைய முகவரிகளில் பயன்படுத்துவதற்கென ஒரு மாற்று வகையையும் வரையறுத்தது. கூட்டல் குறி முகவரியில் இடைவெளியாகப் பொருள்கொள்ளப்படலாம். ஆதலின் அதற்குப் பதில் சிறுகோடும், சாய்கோட்டிற்குப் பதில் அடிக்கோடும் அவ்வகையில் அமைகின்றன. அனுப்புபவர் ஒரு வகையையும் பெறுபவர் மற்றொரு வகையையும் கையாண்டால், முறையான விண்ணப்பமும் பழுதுடையதெனத் தள்ளப்பட நேரும்.

இம்முறைக்கு விலையும் உண்டு. மூன்று நான்காவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 30,000 பைட்டுகள் கொண்ட புகைப்படம் 40,000 குறிகளாகும். மின்னஞ்சலில் வரிக்கு 76 குறிகள் என்ற வரம்பினால் சேரும் வரிமுடிவுக் குறிகளையும் கணக்கிட்டால் மிகை ஏறத்தாழ 37 விழுக்காடு. இணைய வேகம் குறைந்த சிற்றூர்களில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

குறியேற்றம் மறையாக்கம் அன்று

இங்குக் கருத வேண்டிய முக்கியச் செய்தி ஒன்றுண்டு. பேஸ்-64 வடிவம் கண்ணுக்குப் புரியாததாகத் தோன்றுவதால், அது விவரங்களை மறைக்கிறது எனச் சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. இதில் சாவி ஏதுமில்லை, அட்டவணை உலகறிந்தது. கடவுச்சொல்லை இவ்வாறு மாற்றிக் கோப்பில் வைப்பது, கடிதத்தை உறையிலிடாமல் வேறு லிபியில் எழுதி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

ஆதார் அடையாளச் சரிபார்ப்பில் கையாளப்படும் வரிசை இதனைத் தெளிவாக்கும். அங்குக் குடிமகனின் விவரத் தொகுதி முதலில் மறையாக்கம் செய்யப்படுகிறது. அதன் பின்னரே பேஸ்-64 வடிவில் எக்ஸ்எம்எல் ஆவணத்தில் சேர்க்கப்படுகிறது. பாதுகாப்பைத் தருவது முதற்படி. பயணத்தை எளிதாக்குவது இரண்டாம் படி.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. எனவே மென்பொருளை ஏற்கும் அலுவலர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இருபுறமும் ஒரே வகைக் குறியீடு கையாளப்படுகிறதா? அட்டவணையில் இல்லாத குறிகள் வந்தால் நிரல் அவற்றை ஏற்க மறுக்கிறதா? குறியேற்றத்திற்கு முன் மறையாக்கம் நிகழ்கிறதா? இவற்றிற்கு உரிய விடை கிடைத்த பின்னரே, குடிமக்கள் நம்பி ஒப்படைத்த விவரங்கள் சிதையாமலும் வெளிப்படாமலும் உரிய இடம் சேரும் என உறுதி கொள்ளலாம்.